தோற்கத் தெரிந்த நம்பியார்

1960களில் எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒரு சைகை போதும். வலக்கை முட்டியை இடது உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிசைவது. ஆசிரியர் வகுப்புக்கு வருமுன் யாராவது ஒரு பெடியன் மேசையருகே நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி அதைச் செய்வான். பெயர் சொல்லவே தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் திரையரங்குகளான வின்சரிலும் வெலிங்டனிலும் கலரி ரிக்கற்றுக்கு முண்டியடித்ததெல்லாம் எம்.ஜி.ஆருக்காகத்தான். மறுநாள் நடித்துக் காட்டப்பட்டவரோ எம்.என். நம்பியார். கதாநாயகனைப் போலச் செய்ய முகவெட்டு வேண்டும். நம்பியாரைப் போலச் செய்ய உடம்பைக் கவனித்திருந்தாலே போதும் என்பது அந்த வயதிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மஞ்சேரி நாராயணன் நம்பியார் 1919 மார்ச் 7ஆம் திகதி வட கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஊட்டியில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். பதின்மூன்று வயதளவில் நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபாவில் சேர்ந்தார். மாதச் சம்பளம் மூன்று ரூபா. இரண்டைத் தாயாருக்கு அனுப்பிவிட்டு ஒன்றைத் தன் செலவுக்கு வைத்துக்கொண்டார் என்பார்கள். அந்தச் சபாவின் ‘பக்த ராமதாஸ்’ நாடகம் 1935இல் படமானபோது அதில் ஒரு நகைச்சுவை வேடம் கிடைத்தது. பின்னாளில் நாடே பயந்த மனிதர் சிரிப்பு நடிகராகத்தான் திரைக்கு வந்தார். 1947இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’யிலும், அதாவது எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படத்திலும், நம்பியார் அவருக்கு எதிரியல்ல, கூட்டாளி. இதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பாய்ஸ் கம்பெனி என்று சொல்லப்பட்ட அந்தச் சபாக்களின் பயிற்சியை விளங்கிக்கொண்டால்தான் அவருடைய நடிப்பு பிடிபடும். சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனியில்தான். காலையில் பாட்டு, பிறகு வசனப் பாடம், மாலையில் ஒத்திகை, இரவில் நாடகம். ஒரு பையன் தன் வேடத்தை மட்டுமல்ல, பக்கத்து வேடங்களையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்; ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவே இன்னொருவன் அந்த வேடத்தைப் போடுவான். ஒலிபெருக்கியில்லாத கொட்டகைகளில் கடைசி வரிசை வரை சொல் போய்ச் சேர வேண்டும். அதற்கு வெறும் சத்தம் உதவாது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரல் விழுந்துவிட்டால் முன்னால் சொன்னதெல்லாம் வீண். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அங்கே மூச்சு தீர்ந்தால் ‘செய்தேன்’ என்றாரா ‘செய்யேன்’ என்றாரா என்பதே கேட்காது. எனவே மூச்சு எடுக்கும் இடங்களை வசனத்திலேயே குறித்துவைத்துப் பழகுவார்கள். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பையனுக்குப் பிசிறில்லாத தமிழ் உச்சரிப்பு அமைந்தது இந்தப் பட்டறையில்தான்.

அதன் பலனை 1950இல் மொடேர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் பார்க்கலாம். கருணாநிதியின் வசனம்; நம்பியார் ராஜகுரு. அடுக்குமொழி வசனம் நடிகனைச் சுலபமாக இழுத்துக்கொண்டு போய்விடும். எதுகை மோனை வரும் இடமெல்லாம் அழுத்தினால் பாட்டுப் பாடுவது போலாகும், கபடம் காணாமற்போகும். நம்பியார் அடுக்கின் முதற் பகுதிகளை வேகமாகக் கடந்து, கடைசித் துண்டை மட்டும் தணிந்த குரலில் நிறுத்திச் சொல்வார். அரசன் முன்னால் ஒரு முகம், கையாட்களிடம் ஒரு முகம், தனியே நிற்கும்போது ஒரு முகம். மூன்றுக்கும் குரலின் உயரம் வேறு. அதே ஆண்டில் அதே நிறுவனத்தின் ‘திகம்பர சாமியா’ரில் கதாநாயகனாக 11 வேடங்கள் போட்டார். கதாநாயகனாக அவர் நிலைக்கவில்லை. அதில் தமிழ்ச் சினிமாவுக்கு நட்டமில்லை என்பது என் கட்சி.

கையைப் பிசையும் சைகைக்கு வருவோம். அக்காலத்தில் பெரும்பாலும் படப்பிடிப்பின்போதே வசனத்தையும் ஒலிப்பதிவு செய்தார்கள். மைக் தலைக்கு மேலே தொங்கும். பேசும்போது பட்டாடை சரசரத்தாலும் நகை குலுங்கினாலும் அந்தச் சத்தமும் பதிவாகும். காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். மேடையில் பழகிய வீச்சான கையசைவு அங்கே உதவாது. முகத்திலிருந்து இடுப்பு வரை காட்டும் சட்டகத்துக்குள், நெஞ்சு உயரத்தில், சத்தமில்லாமல், வசனத்துக்கு இடையில் செய்யக்கூடிய அசைவு ஒன்று வேண்டும். உள்ளங்கையில் முட்டி அதற்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. அவர் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல நடிகனின் உடம்பு தானே கண்டுபிடிக்கும். கண் விடயமும் அப்படித்தான். புதிதாய் வில்லன் வேடம் போடுபவர் முகத்தையும் கண்ணையும் ஒன்றாகத் திருப்புவார், வெறும் கோபம்தான் தெரியும். நம்பியார் முதலில் கருவிழியை ஓரத்துக்கு நகர்த்துவார், ஒரு கணம் கழித்துத்தான் கழுத்து திரும்பும். அந்த ஒரு கணத்தில்தான் ‘இவன் ஏதோ திட்டம் போடுகிறான்’ என்று சபைக்குப் புரிகிறது.

இனி வாள். ‘சர்வாதிகாரி’ (1951), ‘நாடோடி மன்னன்’ (1958), ‘அரசிளங்குமரி’ (1961) என்று எம்.ஜி.ஆரோடு அவர் மோதிய படங்கள் பல. வாட்சண்டை என்பது மனப்பாடம் செய்த வசனம் போன்றது. தலை, இரு தோள், இரு பக்க இடுப்பு, நேரே குத்து என்று வெட்டு விழும் இடங்கள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படும். எந்த எண்ணுக்கு எந்த வெட்டு, எந்தத் தடுப்பு என்று மெதுவாகப் பழகி, பிறகு வேகம் கூட்டுவார்கள். முனை மழுங்கிய வாள்தான், ஆனால் உலோகம் உலோகம்தான். விரலிலோ புருவத்திலோ பட்டால் பிளக்கும். கமெரா ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதால் வாளுக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள ஓரடி இடைவெளி தெரியாது. பிழை நேரும் இடங்கள் நான்கைந்துதான். உற்சாகத்தில் ஒருவர் எண்ணிக்கையை முந்துவது. வியர்வையில் பிடி வழுகுவது. செற்றிலே பரப்பிய மணலில் பின்கால் சறுக்குவது. எல்லாவற்றிலும் மோசமானது, வெட்டு வருமுன்பே தடுப்பை உயர்த்திவிடுவது. அப்படிச் செய்தால் இது ஒத்திகை பார்த்த சண்டை என்று கலரிக்குத் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் தோற்கிறவரின் வேலை பெரியது. அடிப்பவர் வாளை வீசினால் போதும். அந்த அடிக்குப் பலம் கொடுப்பது வாங்குகிறவரின் தோளும் முழங்காலும். சண்டையின் முதற் பாதியில் வில்லன் உண்மையாகவே வென்றுகொண்டிருக்க வேண்டும். கதாநாயகன் படியில் பின்வாங்க வேண்டும், ஒரு தடவையாவது வாளை இழக்க வேண்டும். நம்பியார் அந்தப் பாதியில் சலுகையே காட்ட மாட்டார். பிறகு வேகம் மாறும்போது முதலில் மூச்சில் காட்டுவார், அடுத்தது காலில், கடைசியாகத்தான் கண்ணில். அவர் கையிலிருந்து வாள் பறக்கும்போது எழும் விசில் எம்.ஜி.ஆருக்கு உரியதுதான். ஆனால் அதைத் தயார்பண்ணிக் கொடுத்தவர் எதிரே நின்றவர். (படங்களில் சண்டைப் பயிற்சி என்று பெயர் வரும் ஆர்.என். நம்பியார் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கி எழுதுவோர் இன்றும் உண்டு.)

‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) இதற்கெல்லாம் மேலே. கோழையான மைத்துனனைச் சவுக்கால் அடித்தே அடக்கிவைத்திருக்கும் கஜேந்திரன் வேடம். ஆள்மாறி வந்த அவனுடைய இரட்டைச் சகோதரன் (இருவரும் எம்.ஜி.ஆர்.தான்) அதே சவுக்கைப் பறித்துக்கொண்டு ‘நான் ஆணையிட்டால்’ பாடுகிறான். பாட்டு முழுக்க நம்பியாருக்கு வசனம் கிடையாது. சவுக்கு காற்றில்தான் சொடுக்கப்படுகிறது. முன்பே பதிவான பாட்டின் தாளத்துக்கு அடி விழ வேண்டும், அதே தாளத்தில் அவர் துவள வேண்டும். அரை மாத்திரை முந்தினால் நடிப்பு, பிந்தினால் கேலி. இவன் நம்மிடம் அடிவாங்கியவன்தானே என்ற திகைப்பு, பிறகு அதிகாரத்தை மீட்கும் எத்தனம், பிறகுதான் பயம் என்று படிப்படியாக இறங்குகிறார். எடுத்தவுடனே பயந்திருந்தால் பாட்டின் பாதியிலேயே காட்சி தீர்ந்துபோயிருக்கும்.

மற்ற வில்லன்களோடு ஒப்பிடாமல் எங்கள் கலரிப் பட்டிமன்றம் முடியாது. பி.எஸ். வீரப்பாவுக்குக் குரலும் சிரிப்பும். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தின் ‘சபாஷ், சரியான போட்டி’ ஒன்றே சாகும்வரை போதும். திருச்சி சென்ட் ஜோசப் கல்லூரிப் பட்டதாரியான அசோகன் சொற்களை உடைத்து உடைத்துப் பேசுவார். ஆர்.எஸ். மனோகருக்கு மேடைக் கம்பீரம். பாலையா சிரிக்கவைத்துக்கொண்டே கழுத்தறுப்பார். நடிப்பளவில் அவர் எல்லோருக்கும் மேலே என்று வாதாடுபவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் இந்த நால்வரும் தோற்றபோது ‘நல்லாய் வேணும்’ என்று சபை சிரித்தது. நம்பியார் தோற்றபோதுதான் நிம்மதியாக மூச்சுவிட்டது.

திரைக்கு வெளியே அவர் சைவ உணவுக்காரர். குடி, புகை இரண்டும் இல்லை. சபரிமலைக்கு அறுபது தடவைக்கு மேல் போய்வந்த குருசாமி. திரையுலகில் பலருக்கு மாலை போட்டு மலையேற்றியவர். வில்லன் நடிகர் நல்லவர் என்பதை ஏதோ அதிசயம் போல எழுதும் கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன. எழுபதாண்டுகள் தொழிலில் நின்றவருக்கு ஒழுங்கு இல்லாமலா இருக்கும்?

1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானதோடு அந்த வகைப் படங்கள் முடிந்தன. 1982இல் பாக்யராஜின் ‘தூறல் நின்னு போச்சு’ அவரைக் கதாநாயகனுக்குத் துணைநிற்கும் குஸ்தி வாத்தியாராக்கியது. முப்பது வருடம் சேர்த்துவைத்த பயத்தை வைத்தே சிரிக்கவைத்தார். அவர் முறைத்தாலே சபை வெடித்தது. 2008 நவம்பர் 19ஆம் திகதி சென்னையில் 89 வயதில் காலமானார்.

பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்கள் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் தொடங்குங்கள், பிறகு ‘மந்திரி குமாரி’. ‘நெஞ்சம் மறப்பதில்லை’யின் (1963) முடிவில் நூறு வயதைத் தாண்டிய ஜமீன்தாராக வருவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சவுக்குக் காட்சியை முதலில் முழுதாகப் பார்த்துவிட்டு, அடுத்த முறை சத்தத்தை நிறுத்தி அவருடைய கைகளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.