விதை கட்டும் கை

29 ஜனவரி 2025, புதன்

தை அமாவாசை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குப் போகிற கூட்டம் நேற்று ராத்திரியே தீவுக்குள் இறங்கிவிட்டது. தங்கச்சிமடம் மெயின் ரோட்டில் பஸ்ஸும் வேனும் வரிசைகட்டி நிற்கின்றன. பாப்பாவுக்குச் சளி, டாக்டரிடம் காட்டலாம் என்று கிளம்பினேன். ரோட்டைக் கடக்க நின்ற நேரத்தில், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பாட்டி வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "காதை மூடும்மா, பிள்ளைக்குக் காத்து போகுது" என்றார். மூடினேன்.

பிள்ளை பெற்ற நாளில் இருந்து இதுதான். அத்தை ஒன்று சொல்கிறார், என் அம்மா அதற்கு நேர்மாறாகச் சொல்கிறாள், செவிலியர் அக்கா இரண்டுமே தப்பு என்கிறார். எண்ணெய் தேய்க்கிற விதம், ஏப்பம் விட வைக்கிற விதம், தொட்டில் சேலையின் உயரம், எல்லாவற்றுக்கும் ஒரு திருத்தம் உண்டு. ஆட்டோக்காரர் கூடச் சொல்லிக்கொடுத்துவிட்டார். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் போன வருஷம் வரைக்கும் நான் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். கடலில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிற வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களை மூத்த அக்கா என்னிடம்தான் அனுப்புவார். "இவகிட்ட உக்காரு, கையைப் பாரு."

பெயர் போய்விட்டது, எல்லோரும் "பாப்பா அம்மா" என்கிறார்கள் என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எங்கள் ஊரில் எவளையும் அவள் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. என் அம்மா இன்றுவரை "கடைசி வீட்டுக்காரி"தான். என் குறை வேறு. அது என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.

4 பிப்ரவரி

அம்மா பாம்பனில் இருந்து காரல் மீன் கொண்டுவந்தாள். பால் ஊறும் என்று மஞ்சளும் பூண்டும் போட்டுக் குழம்பு வைத்தாள். அத்தை ஏற்கெனவே பால் சுறாவைப் புட்டு செய்து வைத்திருந்தார். இரண்டையும் சாப்பிட்டேன். இரண்டு பேரும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டதும் அத்தை பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போய்த் தூங்கு, ரெண்டு மணி நேரம் கூப்பிட மாட்டேன்" என்றார். சொன்ன மாதிரியே கூப்பிடவில்லை. நன்றாகத் தூங்கினேன். எழுந்து உட்கார்ந்தபோது உடம்பு லேசாக இருந்தது, மனசு அப்படியேதான் இருந்தது. அப்போ குறை தூக்கமில்லை.

11 பிப்ரவரி, தைப்பூசம்

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பிரசவத்துக்கு அப்புறம் சில மாதங்களில் எல்லோருக்கும் கொட்டும், தானாக நிற்கும் என்று செவிலியர் அக்கா சொன்னார். அதைத் தேடப் போய், நடுராத்திரி பால் கொடுத்துக்கொண்டே வேறொன்றைப் படித்தேன். ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனாவில் முதல் பிள்ளை பெறும் பெண்களின் மூளையை, கர்ப்பத்துக்கு முன்னும் பிரசவத்துக்குப் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2016 இறுதியில் வெளிவந்தது. மூளையின் சாம்பல் நிறப் பகுதி, குறிப்பாக அடுத்தவர் மனசைப் படிக்கிற இடங்களில், அளவு குறைந்திருக்கிறது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் அப்படியே இருந்ததாம். நினைவாற்றல் சோதனையில் பெரிய இறக்கம் எதுவும் இல்லை. மாற்றத்தின் அளவுக்கும் பிள்ளையிடம் இருக்கிற ஒட்டுதலுக்கும் தொடர்பும் தெரிந்திருக்கிறது. வேண்டாததைக் கழித்து வேண்டியதைக் கூராக்கிக்கொள்கிற வேலையாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள்.

காலையில் அத்தையிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க மிஷின் வேறயா? பிள்ளை பெத்தவளுக்கு அரை மூளைன்னு எங்க அப்பத்தாவே சொல்லும்" என்று சிரித்தார்.

எனக்கு அந்த ஆராய்ச்சி ஒரு விஷயத்தில் நிம்மதி தந்தது. பழைய ஆள் எங்கேயோ ஒளிந்திருக்கிறாள், தேடிப் பிடித்துவிடலாம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் அப்படியே இல்லை போல. சரி, இல்லாதவளைத் தேட வேண்டாம். ஆனால் அவள் செய்த வேலையைத் தெரிந்தவள் யாராவது உள்ளே மிச்சமிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

20 பிப்ரவரி

மூத்த அக்கா வீட்டுக்கு வந்தார். வாடை ஓய்ந்துவிட்டது, வடகடல் தெளிகிறது, மிதவை இறக்கப்போகிறார்கள். மழைக்கால வாடையில் வடகடலில் மிதவை நிற்காது, அடித்து நொறுக்கிவிடும். அதனால் எங்களுக்கு வருஷப் பிறப்பே மாசியில்தான்.

வேலைக்குக் கூப்பிட வரவில்லை, கணக்கு நோட்டைக் காட்டத்தான் வந்தேன் என்றார். ராமநாதபுரத்தில் பி.காம். படித்தவள் என்பதால் எங்கள் ஐந்து பேர் குழுவின் நோட்டு என்னிடம்தான் இருக்கும். நான் இல்லாத நாட்களில் யார் யாரோ எழுதியிருந்தார்கள். மூங்கில் செலவையும் கயிற்றுச் செலவையும் ஒரே வரியில் போட்டிருந்தது. பாப்பா மடியில் நோட்டின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருக்க, பிரித்து எழுதினேன். விதைப்பாசி, அதாவது கயிற்றில் கட்டி வளர்க்கிற பாசித் துண்டு, வாங்கிய எடையைப் பார்த்ததும், "இது எத்தனை மிதவைக்கு?" என்று கேட்டேன். சொன்னார். "பத்தாதே" என்றேன்.

ஒரு மிதவைக்குப் பச்சையாக அறுபது கிலோ விதையாவது வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம், இருபது கயிறு, ஒவ்வொன்றிலும் இருபது முடிச்சு. மனக்கணக்கு தானாக ஓடியது. அக்கா என்னைத் திருத்தவில்லை. "ஆமா, பத்தாதுதான்" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் போன பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அத்தை சத்தம் போட்டார். எனக்கு அது காதில் விழுந்தாலும் உறைக்கவில்லை.

2 மார்ச், ஞாயிறு

கடற்கரைக்குப் போனேன். எழுத நிறைய இருக்கிறது.

உடைமரத்து நிழலில் தார்ப்பாய் விரித்து, நடுவில் பாசியைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து கட்டுவார்கள். ஊரில் பெப்சி பாசி என்றால்தான் தெரியும். 2000 வாக்கில் அந்தக் கம்பெனி இந்தக் கரையில் பரப்பியதால் ஒட்டிக்கொண்ட பெயர். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி, ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கிற பசைப் பொருள் இதிலிருந்துதான் வருகிறது. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேலேயே இது ஏறிப் படர்ந்துவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியதும் உண்மை. அதனால் அறுந்த துண்டைக் கடலில் வீசாதீர்கள் என்று புதியவர்களிடம் நான் கத்துவது வழக்கம்.

பாப்பாவை அத்தை மடியில் வைத்துக்கொண்டார். "கடக்காத்து ஒத்துக்காது" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் வந்தார், ஆனாலும் வந்தார்.

கயிற்றைக் கால் கட்டைவிரல் இடுக்கில் மாட்டி இழுத்துப் பிடித்தேன். கைப்பிடி அளவு விதைத் துண்டு, நுனி இளசாக, வழவழவென்று. கயிற்றில் தொங்குகிற சின்ன நூலை அதன் கிளைப்பிரிவில் கொடுத்து, ஒரு சுற்று, உள்ளே விட்டு இழுப்பு. இறுக்கினால் தண்டு நசுங்கி அழுகும். தளர்த்தினால் முதல் அலைக்கே கழன்று போகும். எவ்வளவு இறுக்கம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நூல் விரலில் அழுந்தும்போது போதும் என்று விரலே நிறுத்தும். முதல் கயிற்றில் கை திணறியது. இரண்டாவதில் பேச்சு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கல்யாணம், யார் படகுக்கு எவ்வளவு இறால் பட்டது என்று பேசிக்கொண்டே கட்டுகிறேன். கையை நான் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் பிடிபட்டது. வீட்டில் எதைச் செய்தாலும் கையைப் பார்த்துக்கொண்டே செய்கிறேன். பிள்ளையைத் தூக்கும்போது, குளிப்பாட்டும்போது, மருந்து உரசும்போது, சரியா சரியா என்று ஒவ்வொரு நொடியும் பார்க்கிறேன். நினைக்காமலே செய்ய முடிகிற ஒரு வேலைகூட என்னிடம் இல்லாமல் போயிருந்தது. என்னைக் காணோம் என்று தவித்ததெல்லாம் இதைத்தான்.

எதிரில் ஒரு புதுப்பெண். அவள் கட்டியதெல்லாம் கழன்றது. "இவகிட்ட உக்காரு" என்றார் மூத்த அக்கா.

நடுவில் பாப்பா அழுதாள். அழுகை காதில் விழுந்த நிமிஷமே பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. கை பாட்டுக்குக் கயிற்றில் போய்க்கொண்டிருக்கிறது, அந்த முடிச்சை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உப்பு! குடத்துத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் குடித்தாள். பாசியில் ஊறிய விரல் நுனியெல்லாம் வெடித்து எரிந்தது.

3 மார்ச்

வீட்டில் சண்டை. "சம்பாரிச்சு என்னத்தக் கிழிக்கப் போற, பிள்ளை வளரட்டும்" என்கிறார் அவர். பணத்துக்காக மட்டுமில்லை என்றேன். "பிறகு எதுக்கு?" நேற்று எழுதியதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "நீங்க ஒரு மாசம் படகேறாம இருந்து பாருங்க" என்றேன். பேசாமல் போய்விட்டார்.

9 மார்ச்

பாம்பனுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன், நான் கைப்பிள்ளையாக இருந்தபோது நீ எப்படிப் போனாய் என்று. அம்மா மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போய் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவள். விரலுக்குத் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுவார்கள். 1986ல் தீவுகளையெல்லாம் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டதால், போவதே திருட்டு மாதிரி, பயந்து பயந்துதான். அம்மா மாதிரியே பாசி எடுக்கிற சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015ல் வெளிநாட்டு சீகாலஜி விருது வாங்கியபோது அம்மா தனக்கே கிடைத்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் இருக்கிறது.

"உன்னை அம்மாச்சிகிட்ட விட்டுட்டுப் போவேன். தண்ணிக்குள்ள மார் கட்டிக்கிட்டு வலிக்கும். பீச்சி கடல்ல விட்டுட்டு மறுபடி மூழ்குவேன்" என்றாள். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

நம் அம்மாக்கள் பிள்ளை பெற்ற மறுவாரமே வேலைக்குப் போனார்கள், இந்தக் காலத்துப் பெண்களுக்குத்தான் எல்லாம் பாரம் என்று பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அம்மா பெருமையாகச் சொல்லவில்லை. வேறு வழி இல்லாமல் போனாள். நான் வழி இருந்தும் போக நினைக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

14 மார்ச்

இன்றும் நாளையும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. தெருவில் பாதிப் பேர் படகேறிவிட்டார்கள். பாப்பா குப்புற விழுந்து முன்னால் நீந்தப் பார்க்கிறாள். வேறொன்றும் இல்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

பாம்பன் புதுப் பாலம் திறப்பு. பிரதமர் வருகிறார், எங்கே பார்த்தாலும் போலீஸ், கடலுக்குப் போகக்கூடாது. 1914ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. இனிமேல் ராமேஸ்வரத்துக்கே ரயில் வரும். அத்தை டிவி முன்னால் இருந்து நகரவே இல்லை.

நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்தத் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து மூன்று வாரம். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "தலையைப் பிடி, தலையைப் பிடி" என்று என் வாயில் இருந்து வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகவே தெரிந்த பார்வை. பேச்சை மாற்றி, அவள் கல்யாணத்துக்கு முன்னால் போன தையல் கடையைப் பற்றிக் கேட்டேன். ஒரு ஜாக்கெட் கழுத்தை எப்படி வெட்டுவது என்று அரை மணி நேரம் சொன்னாள். எனக்கு அதில் பாதி புரியவில்லை, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

16 ஏப்ரல்

நேற்றில் இருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான். அவரும் வீட்டில்தான்.

அத்தை உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஏர்வாடி போய்விட்டார். மிதவையில் அடிவலை கிழிந்து ஓரா மீன் உள்ளே புகுந்து பாசியைக் கடித்துவிட்டதாக ஆள் வந்து சொன்னது. வெயில் வேறு ஏறுகிறது. தண்ணீர் சூடானால் பாசி வெளுத்து உதிரும், ஆழம் தள்ளிக் கட்ட வேண்டும். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு என் பின்னாலேயே கரைக்கு வந்தார்.

நெஞ்சளவுத் தண்ணீர். பிரசவத்துக்கு அப்புறம் இன்றுதான் கடலில் இறங்குகிறேன். நங்கூரக் கயிற்றை அவிழ்த்து இரண்டு பேர் மிதவையைத் தள்ள, நான் அடியில் மூழ்கி வலையைத் தைத்தேன். மூச்சு முன்போல நிற்கவில்லை. அடிக்கடி மேலே வந்தேன்.

ஒரு தடவை தலையைத் தூக்கியபோது கரையில் பாப்பா அலறுகிறாள். அவர் அவளை அப்படியும் இப்படியும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார். பக்கத்தில் விதை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குப்புறப் போடுங்க. வெயில் படுது. பசி போல.

"என்ன செய்ய?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"தோள்ல போட்டு நடங்க!"

நடந்தார். நான் மறுபடி மூழ்கினேன். வலையின் கடைசி மூலையைத் தைத்து முடித்துக் கரையேறியபோது அவள் அவர் தோளில் தூங்கியிருந்தாள், அவர் சட்டை முதுகெல்லாம் எச்சில்.

"நாளைக்கும் இருக்கா?" என்றார்.

"ஒரு நாளைக்கு ஒரு மிதவை. ஆளுக்கு நாப்பத்தஞ்சு மிதவை" என்றேன். "உங்களுக்குத்தான் ஜூன் வரைக்கும் லீவாச்சே."