ரேபிஸ் வைரஸின் மரபுவரிசையைப் படித்த அனுபவம்

ரேபிஸால் இறந்த பல்வகை விலங்குகளின் மூளைத் திசுவிலிருந்து வைரஸின் மரபுப் பொருளைப் பிரித்து ஒப்பிடும் வேலையை அண்மையில் செய்து முடித்தேன். இதே வேலையில் இறங்கவிருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தடுப்பூசித் தவணைகளை முடித்து, இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகுக்குக் குறையவில்லை என்று உறுதியான பிறகே ஆய்வகத்துக்குள் அனுமதித்தார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது என்பதால், இதில் யாரும் சலுகை கேட்கக் கூடாது.

மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் சிறிது எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, வைரஸோடு ஒட்டிக்கொண்டு ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு சோதனை செய்தோம். கரும் பின்னணியில் இளம்பச்சைத் துகள்களும் திட்டுகளும் மின்னின. நோய் உண்டு என்பதை அந்தப் பச்சை ஐயமின்றிச் சொல்லிவிடும். ஆனால் மாட்டின் மூளையிலும் நாயின் மூளையிலும் அது ஒரே பச்சைதான். வைரஸ் எந்த மரபுக்கிளையைச் சேர்ந்தது என்று அறிய, மரபுவரிசையைத்தான் படிக்க வேண்டும்.

ஏறத்தாழ 12,000 எழுத்துகள் (வேதி அலகுகள்) கொண்ட அதன் மரபுப் பொருளான ஆர்என்ஏவில் ஐந்து மரபணுக்கள் உள்ளன. ஒப்பிடுவதற்கு ஏற்கெனவே ஏராளமான வரிசைகள் கிடைக்கின்றன என்பதால், 1,350 எழுத்துகள் கொண்ட 'என்' (N) எனப்படும் மரபணுவைத் தேர்ந்தெடுத்தோம். 'ஜி' (G), 'எல்' (L) எனப்படும் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி இன்னும் வேகமாக மாறுவதால், நெருங்கிய தொற்றுகளைப் பிரித்தறிய அது உதவும்.

என் நேரத்தை அதிகம் வாங்கியது, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு நிற முகடாகக் காட்டும் வரிசை வரைபடத்தைச் சரிபார்த்ததுதான். ஒரே இடத்தில் சிவப்பு முகடும் நீல முகடும் ஏறக்குறைய சம உயரத்தில் நின்றால், அந்த எழுத்து டி-யா (T) சி-யா (C) என்பதை மென்பொருளின் முடிவுக்கு விட்டுவிடாமல், எதிர்த்திசையில் படித்த வரிசையோடு ஒத்துப் பார்த்தேன். படியெடுக்கும்போது பிழை திருத்தும் வசதி இந்த வைரஸின் நொதிக்கு இல்லை. ஆகவே ஒரே விலங்குக்குள்ளும் சிறு வேறுபாடுகள் உண்மையாகவே இருக்கக்கூடும். மாற்றங்களில் பெரும்பாலானவை மும்மைக் குறியீட்டின் (புரதத்தின் ஓர் அலகைக் குறிக்கும் மூன்று எழுத்துகளின்) மூன்றாம் எழுத்தில் விழுந்திருந்ததால், புரதம் அதிகம் மாறவில்லை.

பொதுத் தரவுத்தளத்தின் வரிசைகளையும் சேர்த்து வம்சமரம் வரைந்தபோது, மாடு, ஆடு, பூனை என்று பெயரெழுதிய மாதிரிகள் எல்லாம் நாய்களின் கிளைக்குள்ளேயே போய் அமர்ந்தன. மாடு கடிபட்ட விலங்கு மட்டுமே. வைரஸைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து பரப்புவது நாய்க் கூட்டம். அமெரிக்கக் கண்டத்து வௌவால்களின் வரிசைகள் வெகு தொலைவில் தனிக் கிளையாகப் பிரிந்து நின்றன. ரக்கூன்களிடையே பரவும் வகை, நாய்களின் கிளையைவிட இந்த வௌவால் கிளைக்கே நெருக்கமாக இருந்தது. இந்த எல்லைகளும் நிலையானவை அல்ல. 2001-இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் பகுதியில், வௌவால் வகை வைரஸ் ஸ்கங்கு என்னும் காட்டு விலங்குகளுக்குத் தாவி அவற்றுக்குள்ளேயே பரவத் தொடங்கியது, மரபுவரிசை மூலம் உறுதியானது.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் தடுப்பூசி தாக்குப்பிடிக்குமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ரேபிஸ் வைரஸின் இந்த வகைகள் அனைத்துக்கும் இன்றைய தடுப்பூசி பாதுகாப்பு தருகிறது. ரேபிஸ் வைரஸ் சேர்ந்த லிஸ்ஸா பேரினத்திலேயே உள்ள, மொகோலா போன்ற தொலைவுறவு வைரஸ்களுக்கு எதிராகத்தான் அது பயன்படுவதில்லை.

மாதிரி சேகரிப்போரிடம் ஒரு வேண்டுகோள்: விலங்கின் இனத்தோடு, அது கிடைத்த இடம், நாள், கடித்த விலங்கு தெரிந்தால் அது ஆகியவற்றையும் குப்பியோடு எழுதி அனுப்புங்கள். வெறுமனே 'மாடு' என்றிருந்த மாதிரிகளின் கிளையைக் காட்ட முடிந்தது. தொற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதைக் காட்ட முடியவில்லை.