கப்பு ஜெயித்த மறுநாள்

3 ஜூன் 2025, செவ்வாய், இரவு

ஒருவழியாக ஐபிஎல்லில் பெங்களூர் அணி ஆர்சிபி கப்பு அடித்துவிட்டது. அகமதாபாத்தில் 190 ரன். பஞ்சாப் 184-இல் நின்றுவிட்டது. கடைசி ஓவரில் 29 வேண்டும், ஹேசில்வுட் முதல் இரண்டு பந்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. அப்போதே கோலி கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் ஷஷாங்க் சிங் வெளுத்ததெல்லாம் கணக்கில் சேர்ந்ததோடு சரி. ஆறு ரன்னில் வெற்றி. 2009 ஃபைனலில் டெக்கான் சார்ஜர்ஸிடம் தோற்றதும் இதே ஆறு ரன்னில்தான் என்று அக்கா பையனிடம் சொன்னேன். அவன் எங்கே கேட்டான்? மொட்டைமாடியில் நின்று 'ஈ சாலா கப் நம்தே' (இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்) என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

நான் சிஎஸ்கே. ஆனால் கிருஷ்ணகிரியில் அது செல்லாது. வீட்டுக்கு ஒருத்தராவது பெங்களூரில் வேலை. சென்னை எங்கோ இருக்கிறது, பெங்களூர் இரண்டு மணி நேரம். போதாததற்கு தினேஷ் கார்த்திக் வேறு அங்கே பேட்டிங் கோச். கிண்டல் செய்தால் அவர் பெயரைச் சொல்லி வாயை அடைக்கிறார்கள்.

நாளைக்கு பெங்களூரில் கொண்டாட்டமாம். பையன் இப்போதே பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டான். "மாமா வந்தா அனுப்புறேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். தோப்பில் காய் பறிக்க ஆள் வருகிற நாள். அப்பா முறைக்கிறார்.

4 ஜூன், புதன், நள்ளிரவு தாண்டி

வீடு வந்து சேர்ந்தோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன், பத்திரமாக வந்தீர்களா என்று சாயங்காலத்திலிருந்து ஏகப்பட்ட பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பஸ்ஸில் பாதிப் பேர் சிவப்புச் சட்டை. ஓசூரில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியது. அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் ஆளுக்கொரு செய்தி: ஊர்வலம் இல்லை, ஸ்டேடியத்தில் மட்டும்தான் என்று ஒருவர், அதெல்லாம் இல்லை, திறந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று இன்னொருவர். மூன்றேகால் வாக்கில், அஞ்சு மணிக்கு ஊர்வலம், ஓசி பாஸ் என்று ஆர்சிபியின் பதிவு வந்ததே, அதற்குப் பிறகு வந்த கூட்டம் வேறு மாதிரி. நிதானமாக நடந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

சாந்தி நகரில் இறங்கி நடந்தே கப்பன் பூங்கா வந்தோம். மரத்துக்கு மரம் ஆள். கர்நாடக சட்டமன்றமான விதான சௌதா படிக்கட்டில் மேடை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து கோலி கட்டைவிரல் உயரம் தெரிந்தார், அதுவும் முன்னால் நின்றவன் குனிந்தபோது. பையன் என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தான். பக்கத்தில் ஒரு பாட்டி, பேத்தியின் ஜெர்சியைச் சேலைக்கு மேலேயே மாட்டியிருந்தார், பின்னால் கோலியின் 18 என்ற எண்ணோடு. பொய் சொல்லவில்லை, எனக்கும் பிடித்திருந்தது.

போனில் சிக்னல் செத்துவிட்டது. அதனால்தான் எங்களுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்தான் சின்னசாமி ஸ்டேடியம். நாங்கள் விசில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த கேட்டுகளில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேடியம் பக்கம் போகலாம் என்று பையன் இழுத்தான். எதிரே வந்தவர்களின் முகம் சரியில்லை. ஒருவன் வெறுங்காலோடு வந்தான், சட்டைப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. "ஹோக்பேடி, ஹோக்பேடி" (போகாதீங்க) என்று கையை ஆட்டினான். ரோட்டோரம் செருப்புகள், ஜோடி சேராமல், ஒரு குழந்தையின் வெள்ளை ஷூ ஒன்று. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். பையன் கையைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

மடிவாளா வந்த பிறகுதான் சிக்னல். அக்காவின் அழைப்புகள் வரிசையாக. எடுத்தவுடன் அழுகை. கிருஷ்ணகிரியில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அங்கேயே நின்றிருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

5 ஜூன், வியாழன்

செத்தது பதினொரு பேர். எல்லாம் சின்ன வயசு. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று. தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் உண்டு.

ஸ்டேடியம் கொள்ளளவு 35,000. வந்தவர்கள் இரண்டு மூன்று லட்சம் என்று முதலமைச்சர் சித்தராமையாவே சொல்கிறார். டீக்கடையில் ஒருவர், "ஆளுங்களுக்கு அறிவில்லை, முண்டியடிச்சா அப்படித்தான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முண்டியடித்தவன் சாகவில்லை, முன்னால் நின்றவன்தான் செத்தான். ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் யார் கால் எங்கே போகிறது என்று அவரவருக்கே தெரியாது. விழுந்து மிதிபடக்கூட வேண்டாம். மார்பு விரிய இடமில்லாமல் நின்றபடியே மூச்சு நின்றுவிடும். பின்னால் இருப்பவனுக்கு கேட் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்றே தெரியாது. அதைச் சொல்ல ஒரு மைக் போதும். நேற்று மைக்குக்கா பஞ்சம்?

கேட்டவர் டீ காசைக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்விட்டார்.

7 ஜூன், சனி

போலீஸ் கமிஷனர் சஸ்பெண்ட். ஓய்வுபெற்ற நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா தலைமையில் விசாரணை. நிவாரணம் 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகிவிட்டது. தினமும் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், நானும் விடாமல் படிக்கிறேன்.

பையன் இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று தோப்புக்கு வந்தான். கிளிமூக்கு மாங்காய் கூடை கூடையாகக் குவிந்து கிடக்கிறது, விலை கேட்டால் வயிறு எரிகிறது. கூடை தூக்கிக்கொண்டே, "மாமா, அந்த வெறுங்கால் ஆளு நிறுத்தலேன்னா நாம போயிருப்போம்ல?" என்றான். போயிருப்போம் என்றேன்.

சாயங்காலம் வீட்டில் பேச்சு. அடுத்த வருஷம் சின்னசாமியில் ஒரு மேட்ச் பார்க்க வேண்டும் என்று மெல்ல ஆரம்பித்தான். அக்கா தட்டிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சீட் நம்பர் போட்ட டிக்கெட்டு கையில இருந்தா போ. ஓசின்னா டிவி இருக்கு." அப்பா மட்டும், சீட் நம்பர் உள்ள டிக்கெட் என்ன விலை என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.