அந்த வேர்ட் ஃபைல் எங்கே, சேர்?

கொழும்பில் ஓர் ஆராய்ச்சி நூலகத்தில் வேலை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது வெளிநாட்டு ஆய்விதழ்ச் சந்தாக் கோப்புகள் மேசையிலேயே கிடந்தன. இங்குள்ள டெங்குவைப் பற்றி, இங்குள்ள அரச பணத்தில், எங்கள் ஆட்களே எழுதிய கட்டுரைக்கும் டொலர் கேட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் வாசிக்க விடும் திறந்த அணுகல் என்ற பேச்சு அப்போதுதான் எங்கள் கூட்டங்களில் சூடுபிடித்தது.

உலகத்துக்கு இது பழைய கதை. திறந்த அணுகலைக் கோரும் புடாபெஸ்ட் பிரகடனம் 2002 இலேயே வந்துவிட்டது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச், தன் நிதியில் எழுதப்படும் கட்டுரைகளைக் காசில்லாமல் திறந்துவிட இருந்த 12 மாதம் வரையான காத்திருப்பை 2025 ஜூலையில் எடுத்துவிட்டது. ஆனால் வாசகரிடம் வாங்காத காசைப் பல இதழ்கள் எழுதுகிறவரிடம் வாங்குகின்றன. நேச்சர் இதழ் 2020 இல் ஒரு கட்டுரைக்கு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. எங்கள் விரிவுரையாளர் யாரிடம் போய்க் கேட்பார்?

எங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி, நிறுவனக் களஞ்சியம்: எங்கள் ஆட்களின் கட்டுரைகளை நாங்களே இணையத்தில் சேர்த்துவைக்கும் இடம். இதழ் ஏற்றுக்கொண்ட, பதிப்பகம் இன்னும் வடிவமைக்காத ஆசிரியர் பிரதியைக் குறிப்பிட்ட காலம் கழித்து அதில் போடப் பல பதிப்பகங்கள் விடுகின்றன. அந்தப் பிரதி கையில் கிடைப்பதுதான் பெரும்பாடு.

ஒரு மூத்த விரிவுரையாளர் பென் டிரைவோடு வந்தார். உள்ளே பதிப்பகத்தின் இலச்சினை போட்ட பீடிஎஃப்.

“சேர், இது அவங்கட. திருத்தமெல்லாம் முடிச்சு நீங்க கடைசியா அனுப்பின வேர்ட் ஃபைல்தான் வேணும்.”

“அது பழைய லப்டொப்போட போயிட்டுது, மிஸ்.”

பேராதனையிலிருந்த இணை ஆசிரியரின் மின்னஞ்சலில் கடைசியில் அகப்பட்டது. வரிக்கு வரி பெரிய இடைவெளி, படங்களெல்லாம் கடைசிப் பக்கத்தில், ஓரத்தில் அழிக்காத சிவப்புக் குறிப்புகள். “இதைப் போட்டா ஆக்கள் என்ன நினைப்பினம்?” என்று சங்கடப்பட்டார். குறிப்புகளை நீக்கி, இதழின் இணைப்போடு முகப்புப் பக்கம் ஒன்று சேர்த்த பிறகே சம்மதித்தார். பதிப்புரிமைச் சட்டத்தைவிட இந்தக் கூச்சம்தான் அதிகம் தடுக்கிறது என்பது என் எண்ணம்.

உள்ளூர் இதழ்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் உட்படப் பலவற்றைக் காசில்லாமல் வாசிக்கலாம். ஆனால் பதவி உயர்வுப் புள்ளி என்று வந்தால் எல்லோருடைய கண்ணும் வெளிநாட்டு இதழ் மீதுதான். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? புள்ளித் திட்டத்தை அவர்கள் எழுதவில்லையே.

நிதி கொடுக்கிறவர்கள் இறுதி அறிக்கையோடு அந்த வேர்ட் கோப்பையும் கேட்டு வாங்கட்டும். அதற்குப் பிறகு கடைசித் தவணையை விடுவிக்கட்டும். நானும் ஆளாளுக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.