சின்ன ஊரில் காருக்கு சார்ஜ் போடப் போகும் முன்

மதுரையிலிருந்து தென்காசி சுமார் 160 கிலோமீட்டர். 40 யூனிட் பேட்டரி உள்ள காரில் போய்ச் சேர்வது பெரிய விஷயமில்லை, திரும்பி வரத்தான் அங்கே சார்ஜ் ஏற்ற வேண்டும். நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே போய்விட்டால், ஊருக்கு ஒரு டிசி சார்ஜர் (வேகமாக ஏற்றும் பொது சார்ஜர்) இருந்தாலே அதிர்ஷ்டம். அந்த ஒன்று படுத்துவிட்டால் மாற்று கிடையாது.

சார்ஜர் ஆப்பில் பச்சையாகத் தெரிவதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். சார்ஜர் நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதற்குத்தான் அந்தப் பச்சை. கடைசியாக யார், என்றைக்குச் சார்ஜ் போட்டார்கள் என்று பாருங்கள். சார்ஜர் இருக்கும் ஓட்டலுக்கோ பெட்ரோல் பங்குக்கோ போன் போட்டு, "இன்னைக்கு யாராவது சார்ஜ் போட்டாங்களா?" என்று கேட்பது அதைவிட மேல். முந்தின நாள் பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பையும் பாருங்கள். துணைமின் நிலையப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும்.

60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் இரட்டை கன் (காரில் செருகும் கைப்பிடி) சார்ஜரில் இரண்டாவது கார் சேர்ந்தால், பெரும்பாலும் ஆளுக்கு 30தான். 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 24 யூனிட் வேண்டும். தனியாகப் போட்டால், கார் அந்த வேகத்தை வாங்கினால், அரை மணி நேரம். பகிர்ந்தால் 50 நிமிடம். 80க்கு மேல் வேகம் குறைந்துவிடும். பின்னால் வண்டி காத்திருந்தால் அதோடு கழற்றிவிடுவதுதான் முறை.

சார்ஜ் ஏறவில்லையா? முதலில் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். யாராவது அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். வலப்பக்கம் திருகினால் வெளியே வரும். சார்ஜர் மறுபடி எழுந்துகொள்ள இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். அடுத்து கன். கேபிள் கனத்தில் கன் கீழே தொங்கினால் பின்கள் சரியாக உட்காராது. அடியில் கை கொடுத்துத் தூக்கி, உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் கொடுங்கள். லாக் விழும் 'டக்' சத்தம் கேட்ட பிறகு கையை எடுக்கலாம். திரை எரிந்தும் சார்ஜ் தொடங்கவில்லை என்றால் மூன்று பேஸில் ஒன்று போயிருக்கலாம். அதை நாம் சரிசெய்ய முடியாது. நடுவில் கரண்ட் போய் வந்தால் பல சார்ஜர்கள் தானாகத் தொடராது, ஆப்பில் புதிதாகத் தொடங்க வேண்டும். டவர் கிடைக்காத இடத்துக்கு, சார்ஜரில் காட்டித் தொடங்கும் ஆர்எஃப்ஐடி கார்டு கையில் இருப்பது நல்லது.

கடைசி வழி லாட்ஜின் 15 ஆம்பியர் பிளக். மணிக்கு 3 யூனிட் ஏறினால் அதே 24 யூனிட்டுக்கு எட்டு மணி நேரம், ராத்தூக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் எர்த் சரியில்லாவிட்டால் காரோடு வந்த சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். கோடையில் எர்த் குழி காய்ந்திருப்பதும் ஒரு காரணம். அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் சிவப்பு என்றால் அந்த பிளக்கை விட்டுவிடுங்கள். எர்த்தை ஏமாற்றும் அடாப்டர் போடவே கூடாது, காரின் பாடியில் ஷாக் அடிக்கலாம். தூங்கப் போகும் வரை அரை மணிக்கு ஒருமுறை பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு வேறு பிளக் கேளுங்கள்.