சத்தரியில் ஒரு ஃபெனிப் பட்டி

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்போடு வளர்ந்தவர்களுக்குப் பழம் ஒரு தொந்தரவு. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே விட்டெறிவோம். மாடு தின்னும், ஈ மொய்க்கும், மத்தியான வெயிலில் தோப்பே புளித்து நாறும். சின்னப் பிள்ளைகள் உப்புத் தொட்டு இரண்டு கடி கடித்துவிட்டுத் தொண்டை கரகரக்க இருமும். கொட்டையை விடப் பல மடங்கு எடையுள்ள பழம் பெரும்பாலும் மண்ணுக்குத்தான் போகிறது. அதை ஊறல் போட்டால் போலீஸ் எப்போது வரும் என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கோவாவில் அதே பழத்தை வைத்து, அதுவும் குடும்பத் தொழிலாக, எக்ஸைஸ் உரிமம் வாங்கி ஃபெனி என்ற சாராயம் காய்ச்சுகிறார்கள். கடையில் பாட்டிலாகப் பார்த்திருக்கிறேன். காய்ச்சுகிற இடத்தைப் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. பணஜியில் வேலை பார்க்கும் நண்பரின் சித்தப்பா சத்தரி வட்டத்தில் பட்டி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் விடவில்லை. ஏப்ரலில் கிளம்பிவிட்டேன். பட்டி என்பது அங்கே காய்ச்சும் கொட்டகை.

பணஜியிலிருந்து பிசோலி, சாங்கலி வழியாக வால்பொய் போகவேண்டும். பிசோலிப் பக்கம் இரும்புத்தாது தோண்டிய குன்றுகள் படிப்படியாக வெட்டுப்பட்டுச் சிவந்து நிற்கின்றன. சாங்கலி தாண்டியபின் சாலை நிழலுக்குள் போகிறது. கடற்கரைக் கோவாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நைட்டி போட்டுக்கொண்டு கோழிக்குத் தீவனம் போடும் பெண்கள், பாக்குத் தோட்டம், தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. வால்பொய்யில் இறங்கி டீ குடித்துவிட்டு நண்பரின் ஸ்கூட்டரில் இன்னும் கொஞ்ச தூரம்.

வாசனைதான் வழிகாட்டியது. எங்கள் தோப்பின் அதே புளித்த வாடை. ஆனால் இங்கே அதோடு விறகுப் புகையும் சேர்ந்திருந்தது.

காகா (கொங்கணியில் சித்தப்பா, நண்பரைப் பார்த்து நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்) முதலில் எங்களைப் பட்டிக்குக் கூட்டிப் போகவில்லை, தோப்புக்குத்தான் கூட்டிப் போனார். அவருடைய அம்மா, எல்லோருக்கும் ஆஜி (பாட்டி), குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நடந்துகொண்டிருந்தார். குச்சி நுனியில் ஆணி. விழுந்து கிடக்கும் பழத்தை ஆணியால் குத்தித் தூக்கி, கொட்டையை ஒரு திருகில் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு, பழத்தைக் கூடைக்குள் தட்டிவிடுகிறார். ஒரு தடவைகூடக் குனியவில்லை. நாங்களெல்லாம் முதுகு ஒடியக் குனிந்து பொறுக்கிய ஞாபகம் வந்தது. இந்த ஆணிக்குச்சி ஏன் எங்கள் ஊருக்கு வரவில்லை?

ஒரு கிளை தாழ்வாக இருந்தது. பழுத்த பழம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. பறிக்கலாமா என்று கையை நீட்டினேன். ஆஜி குச்சியால் என் மணிக்கட்டில் லேசாகத் தட்டிவிட்டுக் கொங்கணியில் என்னவோ சொன்னார். நண்பர் சிரித்தார். பழம் தானாக விழவேண்டும். மரத்தில் இருப்பதைப் பறித்தால் இனிப்பு முழுசாக ஏறியிருக்காது, துவர்ப்பு தூக்கலாக இருக்கும், ஃபெனியிலும் அது தெரியும். "பறித்தால் காலையிலேயே வேலை முடிந்துவிடும் பாப், ஆனால் வருவது ஃபெனியாக இருக்காது" என்றார் காகா. பெரியவர்கள் சின்னவர்களைக்கூட மரியாதையாகப் ‘பாப்’ என்று கூப்பிடும் ஊர் அது.

எனக்குப் பட்டது இதுதான். பட்டியில் நடப்பதை யார் வேண்டுமானாலும் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ளலாம். விழுந்த பழத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஆஜிக்கு இருக்கும் கண் அப்படி வந்துவிடாது. பூஞ்சை பிடித்ததையும் எறும்பு துளைத்ததையும் அவர் நின்று பார்ப்பதே இல்லை, ஆணி தானாக ஒதுங்கிப் போகிறது.

முன்பு செம்பாறையில் குடைந்த தொட்டியில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது. இப்போது மோட்டார் வைத்த அரவை எந்திரம் வந்துவிட்டது, ஐந்து நிமிடத்தில் ஒரு கூடை முடிகிறது. மிச்சச் சக்கையைத்தான் தொட்டியில் குவித்து, காட்டுக்கொடியால் சுற்றிக் கட்டி, மேலே பாறாங்கல் ஏற்றுகிறார்கள். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதுதான் நீரோ. புளிக்காத, தெளிந்த சாறு. ஒரு டம்ளர் கொடுத்தார்கள். இனிப்பு, அப்புறம் லேசான துவர்ப்பு. சிறு வயதில் என்னை இருமவைத்த பழத்துக்குள் இது இருந்தது என்றால் நம்ப முடியவில்லை.

அரைத்த சாறு ஊறலுக்குப் போகிறது. பழைய காலத்தில் மண்ணில் புதைத்த பானைகள், இப்போது நீல பிளாஸ்டிக் டிரம்கள். படம் எடுக்க அழகாக இல்லைதான். ஆனால் ஈஸ்ட் கிடையாது, சர்க்கரை கிடையாது, வெல்லம் கிடையாது. பழத்தோலிலும் காற்றிலும் இருப்பதே போதும், மூன்று நாளில் நுரைத்து அடங்குகிறது. டிரம் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் சடசடவென்று தூறல் விழுகிற மாதிரி சத்தம்.

இனி அடுப்பு. பெரிய செம்புப் பானை, அதற்கு ‘பாண்’ என்று பெயர். வாயை மூடி, இடுக்கில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். பானையின் கழுத்திலிருந்து ஒரு குழாய், தண்ணீர்த் தொட்டியில் பாதி அமிழ்ந்த இன்னொரு பானைக்குப் போகிறது. அது ‘லாவ்ணி’. ஆவி அங்கே போய்க் குளிர்ந்து சரக்காகிறது. தொட்டித் தண்ணீர் சுட ஆரம்பித்தால் ஆவி அடங்காது, அதனால் காகாவின் மகன் லாவ்ணியின் மேல் குளிர்ந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். பல இடங்களில் இப்போது செம்புச் சுருள்குழாயும் சிமெண்ட் தொட்டியும் வந்துவிட்டன. இவர்கள் இன்னும் மாறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சுருள் வாங்கக் காசு" என்று சுருக்கமாகப் பதில் வந்தது. பாரம்பரியம், மண்வாசனை என்று ஏதாவது சொல்வார் என நான் எதிர்பார்த்திருந்தேன்.

தீயைப் பார்த்துக்கொள்வது காகாவின் வேலை, வேறு யாரையும் தொடவிடுவதில்லை. சாராயம் 78 டிகிரியில் ஆவியாகும், தண்ணீர் 100 டிகிரியில். இடையில் இருக்கும் இந்த வித்தியாசம்தான் மொத்தத் தொழிலும். தீ எகிறினால் ஊறல் பொங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும், அன்றைய உழைப்பு போச்சு. ஒரு கட்டையை இரண்டு விரல் அளவு வெளியே இழுக்கிறார், கொஞ்ச நேரம் குழாயில் கையை வைத்துப் பார்க்கிறார், திரும்ப உள்ளே தள்ளுகிறார். பேச்சுக்கு நடுவே கை அது பாட்டுக்கு இதைச் செய்துகொண்டிருக்கிறது.

முதல் வடிப்பில் வருவது உர்ராக். லேசானது, பருவத்தோடு சரி, வைத்திருந்து குடிக்கும் சரக்கு இல்லை. அந்த உர்ராக்கோடு மறுபடி ஊறலைச் சேர்த்துக் காய்ச்சினால் ஃபெனி. கண்ணாடி மிதவை ஒன்றைப் போட்டு ‘கிராவ்’ என்ற பழைய போர்த்துகீசிய அளவில் பார்க்கிறார்கள். உர்ராக் 15-ஐ ஒட்டி நிற்கும், ஃபெனி 19, 20. இன்றைய கணக்கில் ஃபெனியில் ஆல்கஹால் 42 சதவீதத்துக்கு மேல். காகா மிதவையை நம்புவதாகத் தெரியவில்லை. பாட்டிலைக் குலுக்கி, மேலே எழும் குமிழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

அன்று குடிக்கக் கொடுத்தது உர்ராக். லிம்கா, எலுமிச்சை, உப்பு, நெடுக்காகக் கீறிய பச்சைமிளகாய். வெயிலுக்கு இதைவிட நல்லதாக எதையும் நான் குடித்ததில்லை. ஃபெனியைத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஒரு மடக்கு. மூக்கில் பழம் ஏறுகிறது, தொண்டையில் சூடு. ‘ஃபெனி நாறும்’ என்று சொல்பவர்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. நாறத்தான் செய்யும். பலாப்பழமும்தான் நாறும்.

புது உர்ராக்கை வீட்டில் யாரும் தொடுவதற்கு முன்னால் தோப்பு ஓரத்துக் காவல் தெய்வத்துக்குக் கொஞ்சம் ஊற்றிவிட வேண்டுமாம். அங்கே கல் ஒன்று, பக்கத்தில் பீடி. நம்மூர் முனியப்பனுக்குச் சொந்தக்காரராகத்தான் இருக்கவேண்டும்.

முந்திரி போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, 2016-இல் கோவா அரசு அதைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. இதனால் என்ன மாறியது என்று கேட்டேன். பணஜி பார்களில் விலை ஏறியிருக்கிறது என்றார் காகா. இவர்களுக்கு இன்னும் கொட்டைதான் நிச்சயமான காசு, ஃபெனி அதற்கு மேல் வருவது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. மகன் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறார், பருவத்தில் மட்டும் லீவு போட்டு வருகிறார். உங்கள் ஊர் மரம் என்ன வயசு என்று காகா கேட்டார். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கம் மரங்களை வேரோடு சாய்த்ததையும், இப்போது நிற்பதில் நிறைய அதற்குப்பின் வைத்தவை என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அத்தனை பழத்தையும் என்ன செய்கிறீர்கள்?" என்றார். மாடு தின்கிறது என்றேன். நண்பர் அதை மொழிபெயர்த்ததும் ஆஜி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை போகலாம். மழை விழுந்தால் பழம் அழுகிவிடும், பட்டி மூடிவிடும். பெயர்ப் பலகை எதுவும் இருக்காது, வால்பொய் டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள். காலை ஒன்பதுக்குள் போனால் தோப்பு வேலையும் பார்க்கலாம். வண்டி ஓட்ட, குடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உர்ராக் பழைய லிம்கா பாட்டிலில்தான் கிடைக்கும், மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னுடையது பிசோலி வருவதற்குள் பைக்குள் கசிந்து, விடுதி வரைக்கும் பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.