கொடைக்கானல் அடுப்பில் பிலிப்பைன்ஸ் சமையல்

துபாய் கராமாவிலோ சிங்கப்பூர் லக்கி பிளாசாவிலோ விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு பிலிப்பைன்ஸ் சாப்பாடு சாப்பிட்டுப் பழகியவர்கள் லீவுக்கு மலைக்கு வருவார்கள். பிள்ளைகள் கேட்கிறார்களே என்று ஒரு குறிப்பைப் பார்த்து, சோயா சாஸும் வினிகரும் விட்டு வைக்கும் அடோபோ கோழியை வைப்பார்கள். கோழி ரப்பராக இழுக்கும், உருளைக்கிழங்கு விறைத்தபடியே கிடக்கும், வினிகர் மூக்கில் ஏறும். குறிப்பில் தப்பு இருக்காது. அது மணிலா போன்ற கடலோர ஊர் அடுப்புக்கு எழுதியது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் அரை டிகிரி குறைவு. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் வேகமாக வற்றும், கறி அதே மெதுவில்தான் வேகும்.

ஆனால் காய்கறி விஷயத்தில் மலைக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் பகியோ என்று ஒரு மலை நகரம், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அமெரிக்கர்கள் ஆண்ட காலத்தில் வெயிலுக்கு ஒதுங்க உருவாக்கிய ஊர். நாம் ஊட்டி கேரட் என்று சொல்வதைப்போல அங்கே பீன்ஸுக்கே ‘பகியோ பீன்ஸ்’ என்றுதான் பெயர். முட்டைக்கோஸ், கேரட், காலிஃபிளவர், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அந்தப் பக்கத்து மலைகளிலிருந்து மணிலாவுக்கு இறங்குகின்றன. நம் மேரக்காய்க்கு அங்கே ‘சயோட்டே’ என்று பெயர்; காயோடு கொழுந்தையும் சமைப்பார்கள். அதனால் பாட்டில் பாட்டிலாகச் சாமான் தேடி அலைவதைவிட, மலைக் காயோடு பொருந்தும் பதார்த்தங்களை எடுத்துக்கொண்டு நேரத்தை மட்டும் மாற்றிச் சமைப்பதே சரியான வழி.

முதலில் செய்ய வேண்டியது தினோலா. இஞ்சி போட்ட கோழிச்சாறு. பனி இறங்கும் மாலைக்கு இதைவிடப் பொருத்தமான பிலிப்பைன்ஸ் சாப்பாடு வேறில்லை, சாமான் எல்லாமே நம்மிடம் இருக்கிறது. நான்கு பேருக்கு எலும்போடு 1 கிலோ கோழி, குச்சி குச்சியாக நறுக்கிய இஞ்சி 50 கிராம், பூண்டு 6 பல், பெரிய வெங்காயம் 1, மேரக்காய் 1 (400 கிராம் அளவு), முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. 2 மேசைக்கரண்டி எண்ணெயில் இஞ்சியை முதலில் போட்டு ஓரம் லேசாகச் சிவக்கும்வரை வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் இஞ்சி சாற்றில் காரமாக மட்டும் நிற்கும், மணம் இறங்காது. பிறகு பூண்டு, வெங்காயம், கோழி. கோழியின் பச்சை நிறம் மாறியதும் மீன் சாறு 2 மேசைக்கரண்டி (அது என்ன, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்) விட்டுப் புரட்டி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். பிலிப்பைன்ஸ் வீடுகளில் வெறும் தண்ணீருக்குப் பதில் அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை ஊற்றும் பழக்கம் உண்டு. சாறு சற்றுக் கொழகொழப்பாக வரும், நாமும் அப்படியே செய்யலாம். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைத் தணித்துவிட வேண்டும்.

சமவெளியில் பிராய்லர் கோழிக்கு 30 நிமிடம் போதும். இங்கே 40 முதல் 45 நிமிடம் ஆகும். நாட்டுக்கோழி என்றால் குக்கர்தான். ஆனால் குக்கரும் மலையில் சமவெளி மாதிரி வேலை செய்யாது: உள்ளே 121 டிகிரி வர வேண்டிய இடத்தில் 116, 117தான் வரும், ஏனென்றால் வெளிக்காற்றின் அழுத்தமே இங்கே குறைவு. சமவெளிக் கணக்கில் 20 நிமிடம் என்றால் இங்கே 25 வையுங்கள். விசிலை எண்ணாமல், முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து நிமிடத்தைப் பாருங்கள்.

மேரக்காயைத் தோல் சீவும்போது வரும் பால் கையில் ஒட்டிக் காய்ந்து தோலை இழுக்கும். தண்ணீருக்குள் வைத்துச் சீவினால் அந்தத் தொல்லை இல்லை. காயைப் பெரிய துண்டாகப் போட்டு 12 நிமிடம். முருங்கைக்கீரையை அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடினால் போதும், ஒரு நிமிடத்தில் வெந்துவிடும். கொதிக்கவிட்டால் கறுத்துக் கசக்கும். முருங்கை மலைக்குளிரில் சரியாக வராது, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மேலே ஏறி வருவதற்குள் இலை உதிரத் தொடங்கியிருக்கும். வாங்கிய அன்றே உருவி வைத்துவிடுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கறிவேப்பிலை எதையும் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் நல்ல கோழி ரசம் கிடைக்கும், தினோலா கிடைக்காது.

மேலே சொன்ன மீன் சாறு அவர்கள் ‘பதிஸ்’ என்று சொல்லும் உப்பு மீன் தெளிவு. பாட்டில் கிடைக்கவில்லை என்றால் தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு 25 கிராமைக் கழுவி, 150 மில்லி தண்ணீரில் பாதியாகும்வரை கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பதிஸின் ஆழம் வராது, ஆனால் வெறும் உப்பைவிட எவ்வளவோ மேல். கருவாட்டின் உப்பு கடைக்குக் கடை மாறும் என்பதால் சுவை பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். ‘பகோங்’ என்னும் இறால் விழுதுக்கோ நமக்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: சென்னாக்கூனி. அவர்கள் அந்தச் சின்ன இறாலை உப்பில் ஊறப்போட்டுப் புளிக்க வைக்கிறார்கள், நாம் காயப்போடுகிறோம். சென்னாக்கூனியை வெறும் சட்டியில் வறுத்து, பாதியைப் பொடித்து, பூண்டு, வெங்காயம், தக்காளியோடு எண்ணெய் பிரிய வதக்கி, கடைசியில் ஒரு கரண்டி வினிகரும் துளி வெல்லமும் சேர்த்தால் வாழைப்பூ, கத்தரிக்காய், காராமணிக்காய் போட்டு வேர்க்கடலைக் குழம்பாக வைக்கும் ‘காரே-காரே’வுக்குப் பக்கத்தில் தைரியமாக வைக்கலாம்.

அடுத்தது அடோபோ. கெடுவது இதுதான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடையும் காலுமாக 1 கிலோ கோழி, அடர்த்தியில்லாத சோயா சாஸ் 100 மில்லி, வினிகர் 100 மில்லி, தண்ணீர் 250 மில்லி, முழு மிளகு 1 தேக்கரண்டி, பூண்டு, இலை. இலையில்தான் முதல் தவறு நடக்கும். அவர்கள் போடுவது லாரல் இலை. நம் கடையில் பிரியாணி இலை என்று தருவது வேறு மரம், பட்டையின் இனம். மூன்று இலை போட்டால் அடோபோ பிரியாணி வாசம் அடிக்கும். ஒன்று போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. பூண்டில் நமக்கு லாபம். புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டு, பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவது, சாதாரணப் பூண்டைவிடக் காட்டமானது. குறிப்பில் ஒரு முழுப்பூண்டு என்றிருந்தால் இதில் 7, 8 பல் போதும். நசுக்கிப் போடுங்கள், அரைக்க வேண்டாம்.

மளிகைக்கடை வெள்ளை வினிகர் செயற்கையானது. புளிப்பு மட்டும் இருக்கும், வேறு சுவை இருக்காது. பிலிப்பைன்ஸில் கரும்பு வினிகரும் தென்னங்கள் வினிகரும்தான் வழக்கம். கேரளத்துத் தென்னங்கள் வினிகர் கிடைத்தால் அதுவே போதும், இல்லையென்றால் பாதிக்குப் பாதி ஆப்பிள் வினிகர் கலந்துகொள்ளுங்கள். அலுமினியச் சட்டி, இரும்புச் சட்டி இரண்டும் ஆகாது, வினிகர் உலோகத்தை அரித்துச் சுவையைக் கெடுக்கும். மண்சட்டி எடுங்கள். அவர்களும் ‘பலயோக்’ என்னும் மண்பானையில்தான் காலங்காலமாக வைத்தார்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பேற்றி, கொதி வரும்வரை கிளறாமல், மூடாமல் விடுங்கள். வினிகரின் பச்சை நெடி ஆவியோடு போகட்டும் என்பது அவர்கள் கைப்பக்குவம். கொதித்த பிறகு மூடிச் சிறுதீயில் 45 நிமிடம். கறி வெந்ததும் துண்டுகளை வெளியே எடுத்து, தனியாக எண்ணெயில் தோல் முறுகப் புரட்டி, சாற்றைப் பாதியாக வற்றவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். உப்பைக் கடைசியில் பாருங்கள்; சாறு வற்ற வற்ற சோயாவின் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

உருளைக்கிழங்கு சேர்ப்பதாக இருந்தால் தனியாக முக்கால்வாசி வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும். புளி விட்ட பிறகு காய் வேகாது என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வினிகருக்கும் அதே நியாயம்தான். சமவெளியில் எப்படியோ தப்பித்துவிடும். 93 டிகிரியும் புளிப்பும் சேர்ந்தால் மலைக்கிழங்கு ஒரு மணி நேரமானாலும் நறுக்கென்றே இருக்கும். அடோபோ மறுநாள்தான் இன்னும் ருசி. முந்தின நாளே வைத்துவிடுங்கள்.

புளிப்பில் காய் வேகாது என்ற நியாயம் சினிகாங்குக்கும் உண்டு. புளிச்சாற்றில் பன்றி விலாவோ மீனோ இறாலோ போட்டு, முள்ளங்கி, பீன்ஸ், கத்தரிக்காய், கீரையோடு வைக்கும் குழம்பு. அவர்கள் எடுப்பது பச்சைப் புளியங்காய். நம் பழம்புளியைக் கரைத்து ஊற்றினால் நிறம் கறுத்துப் புளிக்குழம்பின் சாயல் வந்துவிடும். புளியங்காய் கிடைக்காத மாதங்களில் கொடைக்கானல் சந்தையில் விற்கும் மரத்தக்காளியை எடுங்கள். ஒன்றரை லிட்டர் சாற்றுக்கு 6 பழம், வெந்நீரில் போட்டுத் தோலை உரித்துவிட வேண்டும், தோல் கசக்கும். மசித்து வடிகட்டி, காய் வெந்த பிறகு ஊற்றுங்கள். இது விதிமீறல் ஒன்றுமில்லை. பிலிப்பைன்ஸிலேயே ஊருக்கு ஊர் கொய்யா, மாங்காய், புளிச்சக்காய் என்று கிடைக்கும் புளிப்பை வைத்துத்தான் சினிகாங் வைக்கிறார்கள். விலா எலும்பு குக்கரில் 35 நிமிடம். மீன் என்றால் புளிப்பு ஊற்றிய பிறகு கடைசி 8 நிமிடத்தில் போட்டால் உடையாது.

பன்சித் என்னும் நூடுல்ஸ் செய்ய அரிசிச் சேமியா வேண்டும். நம் பாக்கெட் சேவையை அதற்குப் பதிலாக எடுத்து அவர்கள் குறிப்புப்படி சாற்றில் வேகவிட்டால் கூழாகிவிடும், அது ஏற்கெனவே ஆவியில் வெந்த மாவு. கொதிநீரில் 4 நிமிடம் ஊறவைத்து வடித்து, வதக்கிய கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸோடு கடைசியில் 4 மேசைக்கரண்டி சாறு தெளித்துப் புரட்டுவதோடு நிறுத்துங்கள். பிறந்தநாளுக்குச் செய்கிறீர்கள் என்றால் இழையை உடைக்காதீர்கள். நீண்ட இழை நீண்ட ஆயுள் என்பது சீனர்களிடமிருந்து அவர்களுக்கு வந்த வழக்கம். மேலே பிழியும் கலமன்சி என்னும் சின்ன எலுமிச்சைக்குப் பதில் இரண்டு பங்கு எலுமிச்சையும் ஒரு பங்கு கமலா ஆரஞ்சும் கலந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

லும்பியா என்னும் கறிச் சுருளைப் பொரிக்கும்போது மலை இன்னொரு விதத்தில் வேலை காட்டும். உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரமே ஆவியாகி வெளியேறுவதால் மேல்தோல் சிவந்துவிடும், உள்ளே கறி பச்சையாக இருக்கும். சமவெளியில் 175 டிகிரி எண்ணெய் என்றால் இங்கே 160, 165 போதும். சுருளும் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வேண்டாம். வாழைப்பழம் வைத்துச் சுருட்டும் துரோனுக்கும் இதே சூடுதான். அதற்கு நன்கு பழுத்த நேந்திரனை எடுங்கள்.

மலைவாழைப்பழத்துக்கு வேறு வேலை இருக்கிறது: வாழைப்பழ கெச்சப். பிலிப்பைன்ஸ் உணவகங்களில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் அந்த இனிப்பு ஸ்பெகட்டியின் ரகசியம் இதுதான். தக்காளிக்குப் பதில் வாழைப்பழத்தில் கெச்சப் செய்த பெருமையை மரியா ஒரோசா என்ற பிலிப்பைன்ஸ் உணவு விஞ்ஞானிக்குக் கொடுப்பார்கள். விருப்பாச்சி மலைவாழை நீர் குறைந்த பழம், அதனால் சீக்கிரம் கெட்டிப்படும். உரித்த பழம் அரை கிலோவை 120 மில்லி வினிகரிலேயே நறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். வெங்காயம் 1, பூண்டு 2 பல், சிறு துண்டு இஞ்சி மூன்றையும் வதக்கிப் பழத்தோடு அரைத்து, வெல்லம் 60 கிராம், காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, கிராம்பு 2, உப்பு, தண்ணீர் 150 மில்லி சேர்த்து அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் 25 நிமிடம் கிளற வேண்டும். அடி பிடித்தால் சுரண்டாதீர்கள், அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதத்தில் இறக்கி, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் சூடாக ஊற்றுங்கள்.

வெளியூரில் சாப்பிடும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ‘துரோ-துரோ’ கடைகளில் தட்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், விரலைக் காட்டி வாங்க வேண்டும். மனோக் கோழி, பாபோய் பன்றி, பாக்கா மாடு, இஸ்தா மீன், ஹிப்போன் இறால்: இந்த ஐந்து சொல் தெரிந்தால் தடுமாற்றமில்லை. கறுப்பாக இருக்கும் தினுகுவான் பன்றி ரத்தத்தில் செய்தது. காய்கறிப் பதார்த்தம் என்பதாலேயே சைவம் என்று நம்பிவிடாதீர்கள். பினக்பெட்டில் பகோங் இருக்கும், சேப்ப இலையில் செய்யும் லைங்கில் கருவாடோ பன்றியோ இருக்கும். வீட்டில் சைவம் சாப்பிடும் பெரியவர்கள் கூட வந்திருந்தால் வெறும் சோறு, வாழைப்பழத் துரோன், மீன் சாறும் கறியும் போடாமல் தனியாகச் செய்து தரச் சொன்ன பன்சித் என்று கேட்டு வாங்குங்கள்.

கெச்சப்பை இங்கே குளிர்தானே என்று அலமாரியில் வைக்க வேண்டாம். மழைக்கால ஈரத்தில் மூடியின் உள்பக்கம் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் மூன்று வாரம் தாங்கும்.